அத்திமரத்தில் பதினைந்து பேர்

ஒரு காட்டில், ஆற்றோர மேட்டில், ஓர் அத்திமரம் இருந்தது. அதில் வீரபாகு என்ற ஊளைக்குரங்கு மனைவி செங்கமலம், இரண்டு பிள்ளைகள், வேலைவெட்டி இல்லாத மைத்துனன் சகிதம் குடியிருந்தது. ஆகமொத்தம் ஐந்து.

ஊளைக்குரங்குகளுக்குச் சண்டை போடத் தெம்பு கிடையாது. இலையும் தழையும் தின்றால் எங்கிருந்து வரும் தெம்பு? ஆனால் தொண்டைக்குள் கிண்ணம்போல ஓர் எலும்பு உண்டு. விடியற்காலையில் கத்தினால் இரண்டு மைலுக்குக் கேட்கும். எதிர்க்கரையில் பத்துக் குரங்குகள் இந்த அத்திப்பழத்துக்கு எச்சில் ஊறக் காத்திருந்தன. ஆகவே வீரபாகுவின் குடும்பம் கிளைக்குக் கிளை தாவி, குரலை மாற்றி மாற்றிக் கத்தும். கேட்பவர்களுக்குப் பதினைந்து பேர் என்று தோன்றும். எதிர்க்கரை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும்.

ஒருநாள் குடிக்கணக்கு எடுக்க, காட்டு அலுவலகத்திலிருந்து நாரை வந்தது. கீழே நிற்பவர் தலையில் மலம் கழிப்பது ஊளைக்குரங்குகளின் பழக்கம். அதனால் நாரை தள்ளி நின்று, காதாலேயே எண்ணி, படிவத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டது.

பத்தாம் நாள் ஆணை வந்தது. குடியிருப்போர் பதினைந்து, ஒரு மரத்துக்கு அனுமதி எட்டு, உபரி ஏழு பேர் மூன்று நாளில் மொட்டைப்பாறைக்குப் போய்விட வேண்டும்.

வீரபாகு அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடி வரிசையில் நின்றது. முறை வந்ததும் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கிசுகிசுத்தது.

“ஐயா, நாங்க மொத்தமே…”

“கேக்கல. சத்தமா சொல்லுங்க,” என்றது நாரை. “எத்தனை பேரு?”

வீரபாகு திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்றது எதிர்க்கரைத் தலைவன். ஐந்து என்று சொன்னால் நாளைக் காலையில் மரம் போச்சு.

“பதினஞ்சு!” என்று கத்தியது. கூரை ஓடு சரிந்தது. நாரை நிம்மதியாக முத்திரை குத்தியது.

“அஞ்சு பேர்ல ஏழு பேரை எப்படிங்க அனுப்புவீங்க?” என்று அது மரத்துக்குத் திரும்பியதும் கேட்டது செங்கமலம்.

மூன்றாம் நாள் நாரையே நேரில் வந்து வழியனுப்பியது. ஐந்து தலைகளையும் எண்ணி இறக்கிவிட்டு, ‘இன்னும் இருவர் நிலுவை’ என்று எழுதி, வீரபாகுவிடமே கைநாட்டும் வாங்கிக்கொண்டது. மரத்தில் ஓர் அட்டையும் தொங்கியது: ‘இங்கு எட்டுப் பேர் குடியிருக்கிறார்கள். அந்நியர் ஏறக் கூடாது.’ அதைப் படித்துவிட்டு எதிர்க்கரையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பழங்கள் கனிந்து, உதிர்ந்து, அழுகின.

மொட்டைப்பாறையில் தின்ன ஓர் இலைகூட இல்லை. பிள்ளைகள் கத்தவும் தெம்பில்லாமல் சுருண்டன. பொறுக்க முடியாமல் வீரபாகு திரும்பி வந்து ஒரே ஒரு பழத்துக்குக் கை நீட்டியது.

“யாருங்க அது?” என்றது காவலுக்கு நின்ற நாரை. “எட்டுப் பேர் இருக்கிற மரம் இது.”

“அந்த எட்டுப் பேர் எங்கங்க?”

“சாப்பிட்டுட்டுத் தூங்குறாங்க. மெதுவாப் பேசுங்க.”

நீதி: பசித்தவன் மரத்தில் இருந்து பயனில்லை, படிவத்தில் இருக்க வேண்டும். படிவத்தில் இருப்பவன் பிறந்திருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை.