எஃப்புன்னா ஃபாஸ்ட்டுன்னு நெனச்சேன்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கம்ப்யூட்டர் கடைக்குப் போவணும், எழுதி வச்ச சாமான வாங்கணும், வீட்டுக்கு வந்து மாட்டணும்.

அவ்வளவுதான். கத்திரிக்கா வாங்குற மாதிரி.

நான் தூத்துக்குடில ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸ்ல வேலை பாக்கேன். நாள் பூரா கன்டெய்னர் பேப்பர்லயே கெடப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா எனக்கு இருக்குற ஒரே சந்தோசம் கேம்தான். ஆமா, வயசு முப்பத்திநாலு. கல்யாணமும் ஆயிட்டு. அதுக்கு என்ன இப்போ?

காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல கெடந்த நாலு பேரு நாங்க. ஷீபா இப்போ தோஹால நர்ஸ். காயத்ரி பெங்களூர்ல. செல்வி கோயம்புத்தூர்ல. படிச்சு முடிச்ச பிறகு நாலு பேரும் ஒண்ணா நின்னது ரெண்டே ரெண்டு கல்யாண போட்டோலதான். அதனால நெட்ல சேந்து ஆடுற ஒரு கப்பல் கேமப் புடிச்சோம். நாலு பேருக்கு ஒரு கப்பல். ஒருத்தி சுக்கான், ஒருத்தி பாய், ஒருத்தி பீரங்கி, ஒருத்தி நங்கூரம்.

நங்கூரம் நான்தான். என் லேப்டாப் ரொம்பப் பழசு. நான் பட்டன அமுக்குனா, கப்பல் பாறைல மோதி, ஒடைஞ்சு, முங்கி, அப்புறமாத்தான் நங்கூரம் எறங்கும்.

"ரெஜி, நீ பேசாம கரையிலயே இருந்து கைய ஆட்டு"ன்னுட்டா ஷீபா.

எனக்கு ரோசம் வந்துட்டு. "வார ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு வாங்கடி. புது கம்ப்யூட்டரோட வாரேன்"னு சவால் விட்டேன். ஷீபாவுக்கு ஞாயித்துக்கெழம லீவு கெடைக்கிறதே அபூர்வம். யார் யார் கால்லயோ விழுந்து டூட்டிய மாத்தி வாங்குனா.

என் பட்ஜெட் அம்பதாயிரம். போனஸ் காசு. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது.

மூணு மாசமா வீடியோவா பாத்துத் தள்ளியிருந்தேன். தூக்கத்துல "மதர்... மதர்..."னு முனங்குனேனாம். எங்க அம்மா நெனப்புல ஏங்குதேன்னு எங்க வீட்டுக்காரர் விடிஞ்சதும் அம்மாவுக்கு போன் போட்டுட்டார். நான் மதர்போர்டச் சொன்னேன்னு அம்மாட்ட வெளக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு.

வீட்டுக்காரர் பேரு லூயிஸ். மீன்பிடி துறைமுகத்துல விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். கம்ப்யூட்டர் பத்தி அவருக்கு ஒண்ணுமே தெரியாது. இத நான் அவர்ட்ட அடிக்கடி சொல்லிக் காட்டுவேன்.

கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி என் லிஸ்ட மேலருந்து கீழ வரைக்கும் படிச்சார்.

"கிராபிக்ஸ் கார்டு எழுதலயேம்மா?"

"அது தை மாசம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. போனஸ் காசுலயே எட்டாயிரம் தனியா எடுத்து வச்சிருக்கேன், கொஞ்சம் சேத்து நல்லதா வாங்கணும். அதுவரைக்கும் பிராசசருக்குள்ளயே சின்னதா ஒரு கிராபிக்ஸ் இருக்கும்லா, எங்க கப்பலுக்கு அது போதும்."

"மானிட்டர்?"

"வீட்ல டிவி இருக்கு."

அண்ணாச்சி ரெண்டு டப்பாவ எடுத்து வச்சார். "இந்த பிராசசர்ல ரெண்டு வருது. ஒண்ணுல மட்டும் கடைசில எஃப்னு போட்டிருக்கும். அது ஆயிரத்தைநூறு கம்மி."

"கம்மியா! எஃப்பையே குடுங்க."

"எஃப்புன்னா என்னன்னு தெரியும்லா?"

மூணு மாசம் வீடியோ பாத்தவ நான். பின்னால நாலு பயலுவ வேற நிக்கானுவ. தெரியாதுன்னு சொல்ல வாய் வருமா?

"தெரியும் அண்ணாச்சி. ஃபாஸ்ட்!"

அண்ணாச்சி என்னையே பாத்தார். "இல்லம்மா, அது வந்து..."

"வேகமும் கூட, விலையும் கம்மின்னா கசக்குமா? போடுங்க. மிச்ச காசுக்கு அந்தக் கலர் லைட் எரியிற ஃபேன் மூணு குடுங்க."

"அம்மா, கார்டு இல்லாம..."

"கார்டு தை மாசம் அண்ணாச்சி!"

அவர் வாய மூடிட்டு பில்லப் போட ஆரம்பிச்சார். கடைசியா கேபினட். குட்டியா, ரோஸ் கலர்ல, பொம்ம வீடு மாதிரி ஒண்ணு இருந்துச்சு. மூணு மாச ஆராய்ச்சியும் அந்த இடத்துல பறந்து போச்சு. கலரப் பாத்துதான் எடுத்தேன்.

மில்லர்புரத்துல எங்க வீட்டு ஹால்ல பாய விரிச்சு, அத்தனையும் பரப்பி, மாட்டி முடிக்க மூணு மணி நேரம் ஆச்சு. நாலு திருகாணி மிச்சம். அது எங்க உள்ளதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

டிவில வயர சொருகி, சுவிட்சப் போட்டேன்.

ஃபேன் சுத்துச்சு. லைட் எரிஞ்சிச்சு. செவப்பு, பச்ச, நீலம்! ஹாலே தேர்த் திருவிழா மாதிரி ஆயிட்டு! நான் குதிச்ச குதில கீழ் வீட்டு கிரேஸ் டீச்சர் என்னமோ ஏதோன்னு மேல ஏறி வந்துட்டாங்க.

டிவில மட்டும் ஒரே ஒரு வரி: "சிக்னல் இல்லை."

வயர மாத்துனேன். சிக்னல் இல்லை. ரேமக் கழட்டி மாட்டுனேன். சிக்னல் இல்லை. டிவிய ஒரு தட்டு தட்டுனேன். அதுக்கும் சிக்னல் இல்லை.

லூயிஸ் டீ கிளாஸோட வந்தார். குனிஞ்சு கேபினட்ல காத வச்சுக் கேட்டார்.

"இன்ஜின் ஓடுது. புரொப்பல்லர் இல்ல."

"உங்களுக்கு கம்ப்யூட்டர் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுளா. இன்ஜின் ஓடியும் படகு நகரலன்னா நாங்க அங்கனதான் பாப்போம்."

இவருக்கு என்ன தெரியும்னு திரும்பவும் முழுசாக் கழட்டி, முழுசா மாட்டுனேன். இப்போ அஞ்சு திருகாணி மிச்சம். சிக்னல் இல்லை.

வேற வழியில்லாம அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"எஃப்புன்னா உள்ள படம் காட்டுற சமாச்சாரமே கெடையாதும்மா. தனியா கார்டு போட்டாத்தான் திரைல ஏதாச்சும் தெரியும். அதச் சொல்லத்தான் ரெண்டு தடவ வாயத் தொறந்தேன். நீங்க ஃபாஸ்ட்டுன்னுட்டீய."

"மாத்திக் குடுப்பீயளா அண்ணாச்சி?"

"ஒடைச்ச டப்பாவ கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான்மா."

போன வச்சேன். லூயிஸ் என் மூஞ்சியப் பாத்தார். சிரிக்கல. அதுதான் இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

"புரொப்பல்லர் என்ன விலையாம்?"ன்னு மட்டும் கேட்டார்.

புதுசு வாங்குற கத நடக்காது. போன்ல பழைய சாமான் விக்கிற இடமா தேடுனேன். காயல்பட்டினத்துல ஒருத்தர் நல்ல கார்டு ஒண்ண விலைக்குப் போட்டிருந்தார். பத்தாயிரம். என் கைல தை மாசத்துக்கு ஒதுக்குன எட்டாயிரந்தான்.

ஞாயித்துக்கெழம காலப்பூச முடிஞ்சதும் பைக்ல கெளம்பிட்டோம். ஆத்தூர் தாண்டும்போதே லூயிஸ் சொல்லிட்டார், "வெல பேசுறது நீ. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

கார்டுக்காரர் பேரு சுலைமான். அங்கன எல்லாரும் அவர "காக்கா"ன்னு கூப்பிட்டாவ. அந்த ஊர்ல அண்ணனுக்கு அதுதான் மரியாத. துபாய்லருந்து திரும்பி வந்தவர். ராப்பகலா கேம் ஆடி கண்ணு வலி வந்து, டாக்டர் தடை போட்டுட்டாராம். கார்ட குழந்தையக் குளிப்பாட்டித் தொடைக்கிற மாதிரி தொடைச்சு என் கைல குடுத்தார்.

"எட்டாயிரந்தான் இருக்கு காக்கா."

"தங்கச்சி, பத்துக்குக் கொறைய மாட்டேன். இதுல நான் தூசி பட விட்டதில்ல."

நான் கெஞ்சுனேன். நாலு மணிக் கதையச் சொன்னேன், ஷீபா லீவு வாங்குன கதையச் சொன்னேன், எஃப்பு கதையும் சொன்னேன். காக்கா வயித்தப் புடிச்சுச் சிரிச்சார். ஆனா விலை எறங்கல.

திரும்பிப் பாத்தா லூயிஸக் காணும்.

வீட்டுக்குப் பின்னாலருந்து "டுர்ர்ர்"னு சத்தம். நாலு நாளா தண்ணி ஏத்தாம கெடந்த அவங்க வீட்டு மோட்டார் ஒழுங்கா ஓடுது! சத்தம் சரியில்லையேன்னு எங்க ஆளு தானாப் போய் பைப்பக் கழட்டி, அடைச்ச காத்த எடுத்து விட்டிருக்கார். வீட்டுக்குள்ளருந்து காக்காவோட மனைவி சத்தம் போட்டாங்க, "தண்ணி வந்துட்டு! அவங்க கேட்டதக் குடுத்து விடுங்க!"

எட்டாயிரத்துக்கு முடிஞ்சது. இடியாப்பமும் கறியும் சாப்பிடாம விட மாட்டேன்னுட்டாங்க. சாப்பிட்டுட்டு, கார்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வீடு வந்து சேர மணி ரெண்டு.

இனி மாட்ட வேண்டியதுதான பாக்கி?

கார்டு கேபினட்ட விட ரெண்டு வெரக்கட நீளம்.

சாய்ச்சுப் பாத்தேன். திருப்பிப் பாத்தேன். "ஏசுவே"ன்னு சொல்லிக்கிட்டு அமுக்கிப் பாத்தேன். என் ரோஸ் கலர் பொம்ம வீட்டுக்குள்ள அது போவவே மாட்டேன்னுட்டு. தரைல உக்காந்து அழ ஆரம்பிச்சேன். ஒரு நாள் லீவுக்கு ஷீபா பட்ட பாடு என்ன, நான் பண்ணி வச்சிருக்க கூத்து என்ன!

"உள்ள இருக்கது எல்லாத்தையும் கழட்டுளா"ன்னு லூயிஸ் சொன்னார். சொல்லிட்டு படகுக்கு இரும்பு அறுக்குற கிரைண்டர எடுத்துட்டு வந்தார்.

"ஐயோ!"

"அழுகயா, அறுவயா? சட்டுன்னு சொல்லு."

மொட்டமாடில வச்சு அறுத்தார். தீப்பொறி தென்னமர ஒயரத்துக்குப் பறந்துச்சு. கிரேஸ் டீச்சர் கொடில காஞ்ச துணிய அள்ளிக்கிட்டே கேட்டாங்க, "ரெஜினா, கம்ப்யூட்டரையா அறுக்கீங்க? நேத்துதான வாங்குனீங்க?"

"ஆமா டீச்சர்."

"நல்லது"ன்னு சொல்லிட்டு கீழ போய்ட்டாங்க. இனிமே இவட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுன மாதிரி இருந்துச்சு.

கார்டு உள்ள போச்சு. முன்னால அது நாக்க நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அதப் பத்தி யாருக்குக் கவல? சுவிட்சப் போட்டேன்.

டிவில படம்!

நான் கத்துன கத்துல தெரு நாயி ரெண்டு கொலச்சிச்சு. லூயிஸக் கட்டிப் புடிச்சேன். கார்டுக்கு முத்தம் குடுத்தேன். கம்ப்யூட்டர் ஓடுறதுக்கு வேண்டிய சாப்ட்வேரப் போட்டு ஆபீஸ் சிநேகிதி குடுத்த பென்டிரைவ சொருகி, எல்லாம் ஏத்தி முடிச்சு, வீடியோ கால்ல நான் வரும்போது மணி சரியா நாலு! மூணு பேரும் எனக்காகக் காத்திருந்தாளுவ.

"வந்துட்டேன்டி! கேமத் தொறக்கேன் பாரு!"

தொறந்தேன். கேம் உள்ள இல்ல. புது கம்ப்யூட்டர்லா? மொதல்லருந்து எறக்கணும்.

எங்க வீட்டு நெட்டுக்கு அது காட்டுன மீதி நேரம்: பதினாலு மணி நேரம்.

மொதல்ல செல்வி சிரிச்சா. காயத்ரி சிரிச்சா. ஷீபா சிரிச்சு சிரிச்சு பொரையேறி தண்ணி குடிக்கப் போய்ட்டா. ஒருத்தியும் கால கட் பண்ணல. எஃப்பு, காக்கா, கிரைண்டர்னு முழுக் கதையும் சொல்ல வச்சுக் கேட்டாளுவ. அப்புறம் ஷீபா அவ கதையச் சொன்னா. ஏழர மணி வரைக்கும் பேசுனோம். ஹாஸ்டல விட்டு வந்த பிறகு நாலு பேரும் அவ்வளவு நேரம் பேசுனதே இல்ல.

ஷீபா மறுபடி யார் கால்லயோ விழுந்து, அடுத்த ஞாயிறும் லீவு வாங்குனா.

இந்தத் தடவ கேம் ரெடி. கப்பல் வெண்ணெயா வழுக்கிட்டுப் போச்சு. நடுக்கடல்ல சண்ட. நான் ஆர்வத்துல பட்டன அமுக்குனேன். அமுக்குன நொடியே நங்கூரம் எறங்கிட்டு. கப்பல் அப்படியே நின்னுட்டு. எதிரி நிம்மதியா நின்னு சுட்டான். முங்கிட்டோம்.

"காத்து பின்னாலருந்து அடிக்கி. பாய எதுக்குளா சுருட்டி வச்சிருக்கீய?"ன்னு என் நாற்காலிக்குப் பின்னாலருந்து லூயிஸ் சொன்னார்.

ஷீபாவுக்கு அது கேட்டுட்டு. "ரெஜி, யாரு அது?"

"எங்க வீட்டுக்காரர். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"அண்ணன்ட்ட மைக்கக் குடு."

குடுத்தேன். கூடவே என் நாற்காலியும் போச்சு. அடுத்த ஆட்டம் ஜெயிச்சாங்க. அதுக்கு அடுத்ததும் ஜெயிச்சாங்க. இப்போ ஞாயித்துக்கெழம ஆனா எங்க குரூப்புல வார மொத மெசேஜே "அண்ணன் வந்துட்டாங்களா?"தான். நான் பின்னால நின்னு யோசன சொன்னா, "தள்ளி நில்லுளா, டிவில நெழல் விழுது"ங்கார்.

அதனால சொல்லுதேன், கேமிங் கம்ப்யூட்டருக்குப் பட்ஜெட் போடுறீங்கன்னா ரெண்டுக்குச் சேத்தே போட்டுருங்க.