ஒரு h போதும்

கீழே வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். எதையும் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்திருக்கிறேன், வீடியோக்காரர் அன்று பேசியதை முழுசாக அச்சில் ஏற்ற முடியாது.

கல்யாண வீடியோ தயார். மாப்பிள்ளை மதியம் விமானம் ஏறுகிறார். கல்யாணத்துக்கு வர முடியாமல் படுக்கையில் கிடக்கும் தன் அப்பாவுக்கு அதைக் காட்ட வேண்டும். ஆனால் அவர் கையில் கொடுத்தனுப்ப வீடியோவை எழுதச் சொன்னால், 'இடமில்லை' என்றது திரை.

"இடமில்லையாம். நான் என்ன வாடகைக்கு வீடா கேட்டேன்?" மேசையில் குத்தினார் வீடியோக்காரர். அந்த மெஷினில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த மைத்துனனுக்குப் போன் பறந்தது.

"எது இடத்தைத் தின்னுதுன்னு பாத்துடலாம் மாமா. du -sh * அடிங்க, ஒவ்வொரு ஃபோல்டரையும் அளக்கும். அப்புறம் ஒரு நெட்டுக்கோடு. அளந்ததை வாங்கி sort -hr பெருசுலேருந்து அடுக்கும். இன்னொரு கோடு. head போட்டா மேல இருக்கிறதை மட்டும் காட்டும்."

"h ஒருதடவை போட்டாச்சுல்ல? உங்க குடும்பத்துக்கே எதையும் ரெண்டு தடவை சொன்னாதான் திருப்தி." இரண்டாவது h-ஐ விட்டுவிட்டு, போனையும் வைத்தார்.

முதலில் நின்றது 988K. "தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. தின்னிப்பய." அழித்தார். அது எழுத்துரு ஃபோல்டர்; வீடியோவில் மணமக்கள் பெயர்கள் கட்டம் கட்டமாக மாறின. திரை மறுபடி 'இடமில்லை' என்றது.

அடுத்து 97M. அதற்குக் கீழே 612G.

"ஏங்க, தொண்ணூத்தேழு எப்படி அறுநூத்துப் பன்னெண்டுக்கு மேல வரும்?" என்றாள் மனைவி.

"கம்ப்யூட்டர் கணக்குல உன் தம்பியும் நீயும்தான் குத்தம் கண்டுபிடிக்கணும்." அதுவும் போனது.

"அது நான் கண்ணு எரிய எரிய வீடியோவை வெட்டி ஒட்டினது."

"திரும்ப ஒட்டு."

அவள் சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன.

மைத்துனனே கூப்பிட்டான். "மாமா, sort-க்கும் h போட்டீங்கதானே? இல்லைன்னா எண்ணோட வாலைப் பாக்காம, அகராதி மாதிரி வெறும் எழுத்தா அடுக்கிடும். K-ன்னா தூசி, G-ன்னா மலை."

வீடியோக்காரர் போனை வைத்தார். வீடியோ இனி திறக்காது என்பதெல்லாம் அவருக்கு இப்போது பொருட்டில்லை; திருடனைப் பிடித்தாக வேண்டும். இரண்டு h-ம் போட்டு அடித்தார். 612G உச்சியில் வந்து உட்கார்ந்தது.

"சிக்கினியா?" பெயரைக்கூடப் படிக்காமல் அழித்தார். டிஸ்க்கில் பந்து விளையாடலாம் போல இடம். அப்புறம்தான் பெயரைப் படித்தார். மாப்பிள்ளை கல்யாணத்தின் மொத்த ஒளிப்பதிவும் அது. கேமரா கார்டுகளில் அடுத்த கல்யாணம் ஏற்கனவே ஏறிவிட்டிருந்தது.

பாத்திரங்களும் வாயை மூடின. வாசல் மணி அடித்தது. பெட்டியும் கையுமாக மாப்பிள்ளை, சிரித்த முகம்.

"சாரிண்ணே, நேத்து உங்க மெஷின்ல நான் சொருகிட்டுப் போன பென்டிரைவ் ஏற்கனவே ரொம்பி வழியுது. அதுல எழுதினா இடமில்லைன்னுதான் சொல்லும். இந்தாங்க, காலியா ஒண்ணு."