ஒரு நட்டைத் திருகுவதற்கான அனுமதி

ஸ்கூட்டர் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. உத்தரவாதம் முடிய இன்னும் நாலு வருஷம் நாலு மாதம் இருந்தது. அந்த வீட்டில் ஸ்கூட்டரைவிட உத்தரவாதத்துக்குத்தான் மரியாதை அதிகம். ஸ்கூட்டர் வெயிலிலும் மழையிலும் வாசலில் நின்றது. உத்தரவாதப் புத்தகமோ பீரோவுக்குள், வீட்டுப் பத்திரத்துக்கும் கல்யாணச் சான்றிதழுக்கும் நடுவில் சொகுசாகப் படுத்திருந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டடங்களில் ஜனங்கள் கவலையில்லாமல் மூக்கு நோண்டிக்கொண்டு ஏறி இறங்குவது அவர் முடுக்கிய போல்ட்டுகளின் தயவில்தான். ஸ்கூட்டர் அவர் மனைவியுடையது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். காலை ஆறரைக்கு அங்கே இருந்தாக வேண்டும். வருகிறவர்கள் முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி கிடப்பவர்கள். அவர்களிடம் தாமதமாகப் போவது உயிருக்கு உத்தரவாதமில்லாத காரியம்.

ஒருநாள் போன வேகத்தில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னங்க, பிரேக் பிடிச்சா நிக்க மாட்டேங்குது. காலைத் தேய்ச்சுத்தான் நிறுத்தினேன். செருப்பு போச்சு. கொஞ்சம் விட்டிருந்தா நானும் போயிருப்பேன்."

லிஃப்ட் மெக்கானிக் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். "இவ்வளவுதானா? இந்த நட்டை ரெண்டு திருகு திருகினா கப்புன்னு பிடிக்கும்."

ஸ்பேனரை எடுத்தார். மனைவி அலறினாள். "தொடாதீங்க! மஞ்சப் பொட்டு!"

நட்டின் மேல் கடுகளவில் ஒரு மஞ்சள் பெயிண்ட் பொட்டு இருந்தது. புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கம் அதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருந்தது: மேற்படி பொட்டு கலையுமாயின் உத்தரவாதமும் கலையும்.

எனவே வண்டியை அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே வரவேற்பாளர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"பிரேக் பிடிக்கல."

"ஓட்டிட்டு வந்தீங்களா?"

"இல்லைங்க, பயந்துபோய்த் தள்ளிக்கிட்டு வந்தேன்."

"ஓட்டாம, பிடிக்கலன்னு எப்படிச் சொல்றீங்க?"

பதினோரு நாள் கழித்து வண்டி திரும்பி வந்தது. தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள்; சீட்டில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. பிரேக் மட்டும் பழையபடி.

"பிரேக்கைக் கவனிப்புல வெச்சிருக்கோம் சார்," என்றார் வரவேற்பாளர்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

"உங்ககிட்டதான். நீங்க கவனிச்சுச் சொல்லுங்க."

மனைவி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். பஸ் அவளைத் தினமும் ஏழே காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குள் பத்து இருபது பேர் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் அவளைப் பார்த்து, "வாம்மா, இருக்கிற ரத்தம் கொதிச்சு ஆவியாகறதுக்குள்ள எடு," என்றார்.

இந்தக் கட்டத்தில்தான் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் வேலை. கதைப் புத்தகம் படிப்பதுபோல் விதிமுறைகளைப் படிப்பான், இடையிடையே சிரிப்பான். உத்தரவாதப் புத்தகத்தை வாங்கிக்கொண்டுபோய் அறுபத்துமூன்றாம் பக்கத்தோடு துள்ளிக்கொண்டு வந்தான்.

"அத்தான்! அனுமதி இருக்கு! கேளுங்க: 'உரிமையாளர் தமது வாகனத்தைத் தாமே பராமரித்துக்கொள்ளத் தடையேதுமில்லை, அஃது அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில், அங்கீகரிக்கப்பட்ட நபரால் செய்யப்படுமாயின்.'"

"என்னடா சொல்லுது?"

"நீங்களே செய்யலாம். ஆனா செய்யும்போது நீங்க நீங்களா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பதால் விண்ணப்பம் போட்டார்கள். பத்தொன்பது நாளில் பதில் வந்தது. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை நிலையமாகலாம். ஆனால் வீட்டின் முன்னறையில் காத்திருப்போருக்கு சோபா வேண்டும், பழைய பத்திரிகைகள் வேண்டும், 'இயங்கும் அல்லது இயங்காத' குடிநீர் இயந்திரம் ஒன்று வேண்டும், கொட்டகை வாசலில் 'வாடிக்கையாளர் உள்ளே வரக் கூடாது' என்ற பலகை வேண்டும். எல்லாம் வைத்தார்கள். மச்சான் பத்திரிகைகளின் அட்டையைக் கிழித்து, குறுக்கெழுத்துப் போட்டியைத் தப்பும் தவறுமாகப் பாதி நிரப்பி, அவற்றைப் பக்குவப்படுத்தினான்.

உத்தரவாதப் பிரிவின் ஆய்வாளர் வந்தார். மனைவி வாடிக்கையாளராக சோபாவில் அமர்ந்தாள். லிஃப்ட் மெக்கானிக் சீருடை அணிந்து கொட்டகைக்குள் போனார், நட்டை இரண்டு திருகு திருகினார், வெளியே வந்தார்.

"சரியாயிடுச்சு," என்றார்.

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு நிமிஷமா? வாடிக்கையாளர் இன்னும் சோபாவில சரியா சாயக்கூட இல்லையே!"

"வேலையே அவ்வளவுதானே சார்."

"வேலை அவ்வளவுதான். சேவை அவ்வளவு இல்லை. அப்புறம், 'சரியாயிடுச்சு'ன்னு யார் சொல்லச் சொன்னது? 'பார்த்திருக்கோம்'னு சொல்லணும். நாளைக்கு மறுபடி கெட்டா யார் பொறுப்பு?"

தகுதியில்லை என்று எழுதினார். தகுதியில்லாதவர் திருகிய நட்டு சட்டப்படி செல்லாது என்பதால் அதை முன்போலத் தளர்த்தச் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக் தம் கையாலேயே பிரேக்கைக் கெடுத்தார். ஆய்வாளர் பையிலிருந்து சின்னத் தூரிகையை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, புதிதாக ஒரு மஞ்சள் பொட்டு வைத்தார். அழகாகத்தான் வைத்தார்.

அடுத்த வாரம் முழுக்கப் பயிற்சி. மச்சான்தான் ஆசான்.

"அக்கா என்ன கேட்டாலும் கண்ணைத் தூக்காதீங்க அத்தான். தூக்கினா பதில் சொல்லணும். எங்க, 'உதிரிப்பாகம் வரல' சொல்லுங்க."

"உதிரிப்பாகமே வேண்டாமேடா இதுக்கு!"

"வேண்டாததுதான் என்னைக்குமே வராது. அதனாலதான் தைரியமா சொல்லலாம்."

இரண்டாம் ஆய்வு நடந்தது. இரண்டு நிமிஷத்தில் நட்டைத் திருகிவிட்டு, கொட்டகைக்குள் சரியான ஸ்கூட்டரின் பக்கத்தில் மூன்று மணி நேரம் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார் லிஃப்ட் மெக்கானிக். முன்னறையில் முதல் ஒரு மணி நேரம் நடிப்புக்காக உட்கார்ந்திருந்த மனைவிக்கு, இரண்டாவது மணியில் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"ஏன்யா, ஒரு நட்டுக்கு இவ்வளவு நேரமா? எனக்கு வேற பொழப்பு இல்லையா?"

"பார்த்துக்கிட்டிருக்கோம்மா," என்றது உள்ளேயிருந்து கட்டிய கணவனின் குரல். அவர் கண்ணைத் தூக்கவில்லை.

அவள் கையிலிருந்த பத்திரிகையைக் கொட்டகைமேல் வீசினாள். ஆய்வாளர் கண்கலங்கிப்போய் எழுதினார்: வாடிக்கையாளர் அனுபவம், முழுத் திருப்தி.

'அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையம்' என்ற பலகை வந்தது, முத்திரைக் கட்டை வந்தது. மறுநாள் காலை மனைவி ஸ்கூட்டரில் பறந்தாள். பிரேக் பிடித்த இடத்தில் வண்டி ஆணி அடித்ததுபோல் நின்றது. சந்தோஷத்தில் தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனாள். ஆறரைக்கு ஊசியோடு நின்றாள். பட்டினிக்காரர்கள் ஏழு மணிக்கெல்லாம் கையை மடக்கிக்கொண்டு சாப்பிட ஓடினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் பலகையைத் தெருவே பார்த்துவிட்டது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். அவர் வண்டியிலும் அதே பிரேக், அதே நட்டு. லிஃப்ட் மெக்கானிக் நல்ல மனுஷர். ஸ்பேனரை அவரிடமே நீட்டினார்.

"ரொம்ப சுலபம் சார். நிலையத்துக்குள்ள நின்னு, என் முன்னாடி நீங்களே ரெண்டு திருகு திருகுங்க. உத்தரவாதத்துக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே யாரையும் நம்பி நிக்க வேண்டாம்."

தலைமை எழுத்தர் ஸ்பேனரை ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நானே திருகறதுன்னா நீங்க எதுக்கு? ஒழுங்கா டோக்கன் குடுங்க, உட்கார்றேன். கடைசியில முத்திரை தெளிவா விழணும்."

அப்படியே ஆயிற்று. பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தால், "சரியாப் பார்த்தீங்களா?" என்று சந்தேகப்பட்டார்கள். மத்தியானம் வரை உட்காரவைத்துக் கொடுத்தால், "நல்லா நுணுக்கமாப் பார்க்கறார்," என்று நாலு பேரிடம் சொன்னார்கள். ஒரு பெண்மணி குழந்தையின் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தாள். அதில் எந்தக் கோளாறும் இல்லை. முத்திரை மட்டும் போதும் என்றாள். இன்னொருவர் மாமனாரின் கைத்தடியை நீட்டினார். அதன் கைப்பிடியில் 'அங்கீகரிக்கப்பட்ட நபரால் பார்க்கப்பட்டது' என்று குத்தியதும், மாமனார் முதல்முறையாக மருமகனைப் பார்த்துச் சிரித்தார்.

சோபா போதாமல் பெஞ்சு போட்டார்கள். காத்திருப்போர் சங்கம் உருவாயிற்று. தலைமை எழுத்தர் தலைவர், தள்ளுவண்டிப் பெண்மணி செயலாளர். சங்கம் பதினாறு விதிகளை இயற்றிச் சுவரில் ஒட்டியது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு விதிகள் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமில்லை என்று சங்கம் விளக்கிவிட்டது.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் ஆய்வாளர் வந்தார். சாதாரணச் சட்டையில், ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து.

"சார்," என்று லிஃப்ட் மெக்கானிக்கின் காதருகே குனிந்தார், "என் வண்டிதான். பிரேக் பிடிக்கல. அப்படியே ஓசைப்படாம ரெண்டு திருகு..."

"உங்க சேவை நிலையத்துல விட்டிருக்கலாமே சார்?"

"அங்கயா? பதினஞ்சு நாளைக்கு நான் எதுல போவேன்?"

லிஃப்ட் மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துக் குனிந்தார். சோபா எழுந்து நின்றது. பெஞ்சும் எழுந்து நின்றது.

"டோக்கன் எங்க?" என்றார் தலைமை எழுத்தர்.

"ஐயா, இந்த நிலையத்துக்கு அனுமதி குடுத்ததே நான்தான்."

"அதுக்கு அத்தாட்சி?"

"ஆபீஸ்ல இருக்கு."

"அப்ப ஆபீஸ்லயே திருகிக்கோங்க."

லிஃப்ட் மெக்கானிக் குறுக்கிட்டார். "விடுங்க சார், ரெண்டு நிமிஷ வேலை."

"நீங்க தள்ளி நில்லுங்க," என்றாள் செயலாளர். "நீங்க வெறும் மெக்கானிக்."

ஆய்வாளருக்குப் பத்தொன்பதாம் டோக்கன் கொடுத்து, பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். அவர் படிக்க ஒரு பத்திரிகை கேட்டார். அதற்குத் தனி விண்ணப்பம் என்றார்கள்.

மத்தியானம் வேலை முடிந்து மனைவி வந்தாள். வாசலில் பதினெட்டு வண்டிகள் திருகி, துடைத்து, முத்திரை குத்தி வரிசையாக நின்றன. உள்ளே பதினெட்டு பேரும் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சார் இது? எல்லார் வண்டியும் தயாரா நிக்குதே. ஏன் யாரும் கிளம்பல?"

தலைமை எழுத்தர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளரை ஆசையோடு பார்த்தார்.

"நாங்க கிளம்பிட்டா, அவர் முறை வந்து வேலை உடனே முடிஞ்சிடுமேம்மா!"