என் முட்டிக்கு அவர் எடுத்த பயிற்சி

முப்பது வயதில் எனக்கிருந்த அறிவை எருக்குழியில் கொட்டியிருந்தால், குழி திருப்பி அனுப்பியிருக்கும். அத்தனை உபயோகமான அறிவு.

அந்த அறிவோடு ஒருநாள் வைக்கோல் போர் மேல் ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். நான் இறங்கும் நேரம் பார்த்து, உத்திரமேரூர் ரோட்டில் ஓட்டு கேட்கும் ஜீப் ஒன்று மைக் கட்டிக்கொண்டு போனது. மனுஷன் ஏணியை விட்டுவிட்டு நோட்டீஸ் பொறுக்க ஓடினார். (அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும்தான்.) நான் கல் மேல் விழுந்ததில் முட்டிச் சில்லு உடைந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. பயிற்சி சொல்லித் தரும் ஒல்லியான டாக்டரம்மா வந்தார்.

"பாதத்துல துண்டைப் போட்டு இழுத்து முட்டியை மடக்கணும். கொஞ்சம் மடங்கினதும், சுவரைப் பிடிச்சுக்கிட்டு குந்தி எழுந்திருக்கணும். காலையில இருபது, சாயந்திரம் இருபது. ஒரு மண்டலம், ஒருநாளும் விடக்கூடாது."

எனக்கு முட்டியைவிட எங்கள் செவலைப் பசு முக்கியம். குந்த முடியாதவள் பால் கறக்க முடியாது. எங்கள் வீட்டில் பால் கறப்பவள்தான் யாருக்கு எவ்வளவு காபி என்று அளப்பாள். பத்து வருஷமாக அந்த ராஜாங்கம் என்னுடையது. நான் படுத்த மறுநாளே கொழுந்தன் பெண்டாட்டி பால் சொம்பைத் தூக்கிக்கொண்டாள். "நீ நல்லா படுத்துக்கினு இரு அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் சிரிப்பு உடைந்த சில்லைவிட வலித்தது.

முதல் நாள் துண்டைப் போட்டு ஒரே ஒரு இழுப்பு. நான் போட்ட சத்தத்தில் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அப்போதுதான் என் மகத்தான அறிவு வேலை செய்தது. ஒரு மண்டலம் என்றால் வேண்டுதல்தானே? வேண்டுதலை வீட்டில் யார் செய்தால் என்ன?

"இன்னாய்யா, ஏணிய விட்டது யாரு?"

"நான்தான்."

"அப்போ என் முட்டிக்கு பயிற்சி யாரு எடுக்கணும்?"

யோசித்தார். (அவர் யோசிப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.) "என் கால மடக்குனா உன் காலு எப்டிமே மடங்கும்?"

"உங்கம்மா வேண்டிக்கினதுக்கு நீ மொட்ட போட்டுக்கினியே, அம்மன் வேணான்னுச்சா?"

மறுநாள் முதல் விடிந்ததும் பல் விளக்கி, விபூதி பூசி, துண்டை எடுத்து உட்கார்ந்துவிடுவார். நான் கட்டிலில் சாய்ந்து எண்ணுவேன்.

"பதினாறு... ஒழுங்கா மடக்குய்யா, ஏமாத்தாத. காலு என்னுது!"

கொழுந்தன் பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். "இன்னா அக்கா, மாமா சர்க்கஸ்ல சேரப் போறாரா?"

"உனக்கு இன்னா தெரியும்? இன்னும் இருபது நாளு. அப்புறம் சொம்பு யாரு கையில கீதுன்னு பாரு" என்றேன்.

நாற்பத்தெட்டு நாளும் முடிந்தது. மாட்டுவண்டியில் நீட்டிய கால் நீட்டியபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"தினம் செஞ்சீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ஒருநாளு வுடலம்மா."

"எங்க, மடக்குங்க."

மூச்சைப் பிடித்து மடக்கினேன். கட்டை விரல் மட்டும் லேசாக ஆடியது. டாக்டரம்மா முகம் மாறியது. உடனே என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "டாக்டரம்மா, நான் மடக்கிக் காட்டறேன். நான்தான் எடுத்தேன்" என்று குந்தினார், எழுந்தார், குந்தினார், எழுந்தார். தவளை தோற்றது. வார்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எண்ணியது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "உங்களுக்குப் பசிச்சா அவரா சாப்பிடுவாரு?"

(பயிற்சிக்காக மாமியார் அவருக்கு உருக்கிய நெய்யை முழுக்க நான்தான் சாப்பிட்டிருந்தேன்.)

அதன்பிறகு அந்த ஒல்லிக் கைகள் என் முட்டியைப் பிடித்து மடக்கிய மடக்கில் குலதெய்வம் முதல் ஏணி செய்த ஆசாரி வரை எல்லோரையும் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. வாரம் இரண்டு தடவை, மூன்று மாதம். முட்டி முக்கால்வாசிதான் மடங்கியது. அத்தோடு நின்றுவிட்டது.

சொம்பு எனக்குத் திரும்பவில்லை. கொழுந்தன் பெண்டாட்டியிடமும் நிற்கவில்லை. ஊரிலேயே நன்றாகக் குந்துகிற முட்டி யாருடையதோ, அவரிடம் போனது. தாத்தாவாகிவிட்ட இன்றைக்கும் என் வீட்டுக்காரர்தான் தொழுவத்தில் குந்திப் பால் கறந்து, தானே காபி அளக்கிறார். பரீட்சை வந்தால் பேத்தி, "தாத்தாவ படிக்க சொல்லட்டுமா ஆயா?" என்று கேட்டுவிட்டு ஓடுகிறாள்.

எனக்கு மட்டும் தினமும் முக்கால் டம்ளர்தான் வருகிறது. ஏன் என்று கேட்டால் மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"முட்டி எவ்ளோ மடங்குதோ அவ்ளோதான்மே காபி."