நாக்கு மேஸ்திரியும் இரண்டு படகுகளும்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் என் நிலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போய் இயற்பியலில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். திருப்பத்தூரில் படித்து, மலைக்கே திரும்பி வந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். ஆயில் இன்ஜின், டிராக்டர், மாப்பிள்ளை ஆகிய மூன்றையும் என் ஒப்புதல் இல்லாமல் எங்கள் உறவில் எவரும் தேர்ந்தெடுத்ததில்லை. அந்தத் தேர்வுகளில் ஒன்றுகூடப் பழுதானதில்லை. ஒரு மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் சத்தம் போடுவார். ஆனால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்.

இனி மேஸ்திரியைப் பற்றி. மனிதன் கண்டுபிடித்த இயந்திரங்கள் அனைத்தையும் நாக்கால் ஆராய்ந்தவர் உலகில் ஒருவரே உண்டு. அவர் ஒடுகத்தூரில் மோட்டார் பழுது பார்க்கும் நாக்கு மேஸ்திரி. அவருடைய இயற்பெயர் ரேஷன் அட்டையில் இருக்கக்கூடும். நான் பார்த்ததில்லை.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை வெளியே எடுத்ததும் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரைத் தேடுவார்கள். இவர் மோட்டாரின் வாயில் ஒட்டியிருக்கும் தண்ணீரைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். "இந்தத் தண்ணிக்கு எட்டு மாசம் தாங்கும், அதுக்கு மேல தாங்காது" என்பார். ஒன்பதாம் மாதம் அவரைத் தேடி ஆள் வரும். கிரீஸைச் சுவைத்து பேரிங் தேய்ந்ததைச் சொல்வார். பேட்டரி முனையைச் சுவைத்ததை நானே கண்டிருக்கிறேன். அன்று முழுவதும் சைகையால் பேசினார்.

ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அண்டாவுல ஈயம் போயிடுச்சு, யாரும் சாப்பிடாதீங்க" என்று எழுந்து நின்றார். நூற்றைம்பது பேரின் கை அந்தரத்தில் நின்றது. சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே செம்பு பளபளத்தது. அதன் பிறகு பத்திரிகை வைப்பவர்கள் அவரிடம், மொய் வேண்டாம், வராமல் இருந்தால் போதும் என்று சொல்லத் தொடங்கினார்கள். அவர் தவறாமல் வந்தார்.

என் தம்பி மகன் குமரேசன் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு ஓட்டுபவன். பிறர் படகை ஓட்டி அலுத்துப்போய், சொந்தமாக ஒரு பழைய விரைவுப்படகு வாங்க முடிவு செய்தான். விலைக்கு இரண்டு வந்திருந்தன. ஒன்று, எங்கள் அடிவாரத்தில் ஓர் ஓய்வு விடுதிக்காரர் தம் ஏரியில் ஓட்டியது: செக்கச்செவேலென்று, இரண்டு இன்ஜின்கள் வயிற்றுக்குள் பொருத்தப்பட்டது. மற்றொன்று கடலோரத்தில் பத்து வருடம் உழைத்தது: நிறம் போய், இருக்கை கிழிந்து, இரண்டு இன்ஜின்கள் பின்பலகையில் வெளியே தொங்குவது.

உறவினர் கூடியிருந்தபோது நான் தீர்ப்புச் சொன்னேன். உப்பு உலோகத்தை அரிக்கும். சிவப்புப் படகு உப்பையே கண்டதில்லை. ஆகவே சிவப்பு. இதை நான்கு பக்கத்தில் காரணங்களோடு எழுதியும் கொடுத்தேன்.

குமரேசன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "பெரிப்பா, இதுல ஏத்திக்கினு போறது எல்லாம் குழந்த குட்டிங்க. நடுக் கடல்ல நின்னுச்சுன்னா அவ்ளோதான். ஒரு தபா மேஸ்திரியும் பாக்கட்டுமே."

"அவர் கடலைப் பார்த்திருக்கிறாரா?"

"இல்ல."

"பிறகு?"

"நீங்களும் படகு பாத்ததில்லையே பெரிப்பா."

மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பச் சொன்னேன். அவரும் சிவப்பைத்தான் சொல்வார் என்பதால்.

மறுநாள் காலை விடுதிக் கொட்டகைக்குப் போனோம். மேஸ்திரி ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் படகின் உடம்பை ஓரம் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தார். சத்தம் எங்கும் கணீரென்று ஒரே மாதிரி இருந்தது. "ஃபைபர்ல ஊறல் இல்ல. நல்ல ஒடம்பு" என்றார். மூடியைத் திறந்து, இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"சக்கர மாதிரி தண்ணி. ஓனர் சொன்னது நெசந்தான். இது உப்பே பாத்ததில்ல."

நான் குமரேசனைப் பார்த்தேன். வெற்றியை வெளிக்காட்டிக்கொள்வது என் வழக்கமல்ல; ஒரு முறை மட்டும் தொண்டையைச் செருமினேன்.

"அதான் சார் வாணாங்கறேன்" என்றார் மேஸ்திரி.

"என்ன வேண்டாம்?"

"இந்தப் படகு."

விடுதி மேலாளர் திடுக்கிட்டார். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "சார், உப்புக் கெணத்துக்கு நானு புது இரும்பு மோட்டார எறக்குவனா? மாட்டேன். உப்புலயே கெடந்து பொழச்சிருக்கற மோட்டாரதான் எறக்குவேன். இந்த இன்ஜின் வெளித் தண்ணிய அப்படியே உறிஞ்சி இரும்பு வயித்துக்குள்ள சுத்த வுடுது. ஏரித் தண்ணிக்கு இன்னும் இருவது வருசம் ஓடும். கடலுக்குப் போச்சுன்னா உள்ளயே தின்னுக்கினு வரும். வெளிய பாத்தா மாப்ள மாதிரி இருக்கும்."

"தனியாக நல்ல தண்ணீரைச் சுற்றவிடும் அமைப்பைப் பொருத்தலாமே" என்றேன். நான் படித்துத்தான் வந்திருந்தேன்.

"பொருத்தலாங்க. இதுக்கு இன்னா பண்ணுவீங்க?"

விசிறியைத் தாங்கித் தண்ணீருக்குள் இறங்கும் அலுமினியக் காலைக் காட்டினார். அதில் கைப்பிடி அளவு துத்தநாகக் கட்டி ஒன்று திருகப்பட்டிருந்தது. அதன் மேலும் யாரோ அழகாகச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார்கள்.

"இது எதுக்கு வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது சார். பெயிண்ட் அடிக்க இல்லன்னு மட்டும் தெரியுது."

எனக்குத் தெரியும். கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர், அதில் இரண்டு வேறு உலோகத் தகடுகள், ஒரு கம்பி: துத்தநாகம் கரையும், மற்றது பிழைக்கும். இருபத்தெட்டு ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில், அந்த டம்ளரை மேசை மேல் வைத்துக் காட்டியிருக்கிறேன். கடல் என்பது அதே டம்ளர்தான், சற்றுப் பெரியது என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. வண்ணம் பூசிய கட்டி கரையாது. கரையாவிட்டால் அந்தக் கால்தான் கரையும்.

"குமரேசா, என் குறிப்பைக் கொடு" என்றேன். வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை, ஆய்வை விரிவுபடுத்தினேன்.

அடுத்த நாள் கடற்கரை. மேஸ்திரி வேனிலிருந்து இறங்கியதும் படகைப் பார்க்கவில்லை. நேராக அலைக்குப் போனார். ஒரு கை அள்ளி வாயில் விட்டார். வழக்கம்போலக் கண்ணை மூடினார்.

"இன்னா மேஸ்திரி?" என்றான் குமரேசன்.

"இம்மாம் உப்பா இது? இதுல எவன்டா மோட்டார வுடறான்?"

படகின் சொந்தக்காரர் ஒரு கனத்த பெண்மணி. கணவரும் அவருமாகத் தொழில் நடத்தியவர்கள். கணவருக்கு முதுகு போய்விட்டதால் விற்கிறார். மேஸ்திரி அவருடைய இன்ஜினின் குளிர்நீர் வாயில் விரலை விட்டுச் சப்புவதைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், இன்னாய்யா பண்ற? ஓட்டிப் பாருன்னா நக்கிப் பாக்குற?"

"அம்மா, உங்களுதுல உப்பே இல்லம்மா."

"எங்க வூட்ல சாப்ட்டுப் பாத்தியா நீ?"

குமரேசன் நடுவில் புகுந்து விளக்கினான். பெண்மணி தணிந்தார். "அதக் கேளு. தெனம் சாயங்காலம் ரெண்டு இன்ஜினையும் தண்ணிக்கு மேல தூக்கி நிறுத்தி, பைப்ப சொருவி, கால் மணி நேரம் நல்ல தண்ணி வுடுவேன். எம்புள்ளைங்களகூட அப்டி குளிப்பாட்னதில்ல."

இந்தப் படகின் துத்தநாகக் கட்டிகள் கடைசி நாள் சோப்பைப்போலத் தேய்ந்திருந்தன. நான் குனிந்து, "இவை சரியாக இருக்கின்றன, கரைய வேண்டியதுதான் கரைந்திருக்கிறது. ஆனால் உடனே மாற்ற வேண்டும்" என்றேன். மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓ, அதுக்குத்தானா சார் அது?" என்றார். அந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது. இப்போது அதை ஒப்புக்கொள்ள எனக்கு வருத்தமில்லை.

பின்பலகையைத் தட்டினார், மரம் ஊறவில்லை. கியர் எண்ணெயை ஒரு சொட்டு எடுத்தார். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கும், இது தேன் நிறத்தில் இருந்தது. அதையும் சுவைத்தார். சிலிண்டர் ஒவ்வொன்றிலும் அழுத்தமானியைச் செருகிப் பார்த்ததில் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண். அதை மட்டும் அவர் சுவைக்கவில்லை.

பிறகு கடலுக்குள் போனோம். குமரேசன் ஓட்டினான். அந்த வேகத்தில் என் வேட்டி எனக்குக் கட்டுப்பட மறுத்தது. கரை ஒரு கோடாகச் சுருங்கிய இடத்தில் மேஸ்திரி கையை உயர்த்தினார். "ஒரு இன்ஜின நிறுத்து." நின்றது. படகு மற்றதன் பலத்தில் மெல்ல முனகிக்கொண்டு நகர்ந்தது. "இப்ப அத்த நிறுத்திட்டு இத்த போடு." ஒரு கணம் இரண்டும் நின்றன. அலை படகின் கீழே பெருமூச்சு விட்டது. குழந்தை குட்டிகள் என்று குமரேசன் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

சாவியைத் திருப்பினான். சூடான இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. பின்னால் குளிர்நீர் கம்பிபோலப் பீய்ச்சியது. மேஸ்திரி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "தண்ணி நல்லா எறைக்குது. வெதுவெதுப்புதான், சூடு ஏறல" என்றார். "வாங்கிக்கடா குமரேசா."

இரண்டு சுற்றுலாப் பருவங்கள் ஆகிவிட்டன. அந்த நிறம்போன படகு ஒரு நாள்கூட நடுவில் நிற்கவில்லை. சிவப்புப் படகை வேறொருவர் கடலுக்குக் கொண்டுபோனார். அதன் இன்ஜினைப் பிரித்தபோது இரும்பு பிஸ்கட்போல உதிர்ந்ததாம்; நல்லவேளையாகக் கரையில் கட்டியிருந்தபோதே நின்றுவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைக் கேட்ட அன்று நான் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன்.

இப்போது மலையில் பலவிதமாகப் பேசுகிறார்கள். வாத்தியார் படித்தவர், அவர்தான் சரியான படகைத் தேர்ந்தெடுத்தார் என்கிறார்கள். அது தவறு. தேர்ந்தெடுத்தவர் மேஸ்திரி. நடுக்கடலில் இன்ஜின்கள் நின்றபோது மேஸ்திரி பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். அதுவும் தவறு. பிடித்தது நான். கரை வரும்வரை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.