கணப்புச் சுவருக்கு ஒரு யுத்தம்

அன்னிக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். என் வீட்டுக் கணப்புக்கு மேல இருக்கற சுவர்ல மீன் தொங்காது. துப்பாக்கிதான் தொங்கும்.

சாதாரணத் துப்பாக்கி இல்ல. 1861 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல சிப்பாய்ங்க தூக்கினது. எங்க வீட்லேர்ந்து கார்ல போற தூரத்துல செஞ்சது. குழாயோட வாய் வழியா மருந்தக் கொட்டி, குண்டப் போட்டு, நீளமான இரும்புக் கம்பியால குத்திக் கெட்டிச்சு, அப்புறம்தான் சுட முடியும். இத்தனையும் நிதானமாப் பண்ணணும். எதிர்ல ஆளு கத்திக்கிட்டு ஓடி வரப்ப நிதானம் எங்கேர்ந்து வரும்? சுட மறந்துட்டு மேல மேல கெட்டிச்சுக்கிட்டே இருந்திருக்கானுங்க. சண்டை முடிஞ்சு பொறுக்கின துப்பாக்கில பாதிக்கு மேல வயிறு முட்டக் கிடந்துச்சு. அதான் என் பி.எச்.டி. ஏழாவது வருஷமா அதத்தான் படிக்கறேன். அதப் பத்தித் தப்பாப் பேசறவன் எவனா இருந்தாலும் விட மாட்டேன்.

மீனும் சாதாரண மீன் இல்ல. என் பொண்டாட்டி ஒடீல் ஏரில பிடிச்ச டிரௌட். பதப்படுத்தி, வார்னிஷ் அடிச்சு, பலகைல அறைஞ்சு வெச்சிருக்கா. வாயப் பொளந்துகிட்டு இருக்கும். நான் வகுப்பெடுக்கறப்ப பசங்க மூஞ்சியும் அப்படித்தான் இருக்கும்.

ஒடீல் ஸ்கூல் பஸ் ஓட்டறா. பஸ் நிறைய பிள்ளைங்கள கண்ணாடில ஒரே பார்வை பாத்து உக்கார வெச்சிருவா. வீட்ல பாக்கறதுக்கு நான் ஒருத்தன்தான்.

துப்பாக்கி எனக்குப் பக்கத்து வீட்டு ஹாஸ்கெல் கிட்டேர்ந்து வந்துச்சு. அவர் ரிட்டயர் ஆன மனுஷன், பழைய துப்பாக்கி சேக்கறவர். பண்டமாத்து. நான் என்ன குடுத்தேன்ங்கறது சாயங்காலமே தெரிஞ்சு போச்சு.

"ஷெட்ல பனி தள்ளற மெஷினக் காணோம்."

"ஹாஸ்கெல் சார் வீட்ல இருக்கு. பதிலுக்கு இதக் குடுத்தாரு."

"இது பனி தள்ளுமா?"

"இது நாட்டயே ஒண்ணா வெச்சுது ஒடீல்."

"நாடு வந்து நம்ம வாசல்ல பனி அள்ளுமா?"

பதில் என்கிட்ட இருந்துச்சு. அவ கைல மீன் வெட்டற கத்தி இருந்துச்சு.

அப்புறம் அவ கேட்டது ஒரே கேள்வி. "உள்ள காலியா?"

"காலிதான். நானே கம்பி விட்டுப் பாத்தேன்."

அது பொய். ஆசையில கம்பி விட்டுப் பாக்கவே மறந்துட்டேன். ஊர்ல வேற எவன் மறந்தாலும் பரவால்ல, நான் மறக்கலாமா? ஏன்னா அந்தச் சோதனைய எங்க ஊர் வரலாற்றுச் சங்கத்துல சட்டமாக் கொண்டு வந்ததே நான்தான். அந்தக் காலத்துப் பட்டாளத்துல அணிவகுப்புல அதிகாரி வந்து நிப்பாரு. சிப்பாய் கம்பிய எடுத்துக் குழாய்க்குள்ள விடணும். அடியில இரும்புல பட்டு 'டிங்'குன்னு மணி மாதிரி கேட்டா காலி. 'தொப்'புனு கேட்டா உள்ள மருந்து இருக்கு. போன வசந்தத்துல ஹாஸ்கெல் அந்தச் சோதனை பண்ணாமலே ஒரு துப்பாக்கியக் கூட்டத்துல சுத்தவிட்டாரு. நான் எந்திரிச்சுக் கிழிச்சேன். மருந்து கெட்டிச்ச துப்பாக்கிய ஒரு கூரைக்குக் கீழ வெக்கறவன் முட்டாள்னு சொன்னேன். எண்ணெய் ஊத்தி ஊற வெச்சு, விவரம் தெரிஞ்சவன் கையால குண்ட வெளிய எடுக்கற வரைக்கும் அது வீட்டுக்குள்ளயே வரக் கூடாதுன்னு தீர்மானம் போட வெச்சேன். ஒடீல் பின் வரிசைல டோனட் தின்னுகிட்டு இருந்தா.

மறுநாள் காலேஜ்லேர்ந்து வந்தேன். துப்பாக்கி கணப்புக்கு மேல கம்பீரமாத் தொங்கிச்சு. ஒடீல் அத எறக்கினா.

"நீ சொன்ன மணிச் சத்தம் எப்படி இருக்கும்னு கேக்கணும் போல இருக்கு. விட்டுக் காட்டேன்."

பெருமையா விட்டேன்.

தொப்.

இன்னொரு தடவ விட்டேன். தொப். கம்பி அடியத் தொடாம ஒரு விரக்கட மேலயே நின்னுச்சு.

"நீயே கம்பி விட்டுப் பாத்தேன்னு சொன்னியே?"

நான் ஹாஸ்கெலத் திட்டினேன். வேற யாரத் திட்டறது?

"முட்டாளுங்களப் பத்தி நீ ஒரு தீர்மானம் போட்ட இல்ல," அப்படின்னா ஒடீல். "நம்ம வீட்டுக்கும் ஒரே ஒரு கூரைதான்."

துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு ஹாஸ்கெல் ஷெட்டுக்குப் போனேன். மனுஷன் அடிச்சுச் சொன்னாரு, "குடுக்கறதுக்கு முன்னாடி நான் விட்டுப் பாத்தேன் தம்பி. டிங்குன்னுதான் கேட்டுச்சு."

"காது கேக்கற மெஷின் மாட்டிருந்தீங்களா சார்?"

அவர் துப்பாக்கிய வாங்கி நிமித்தி வெச்சாரு. எண்ணெய ஊத்தினாரு. ஊறட்டும், அடுத்த வாரம் வான்னாரு.

அடுத்த வாரம் வரைக்கும் சுவர் காலியா இருக்குமா? அன்னிக்கு ராத்திரியே மீன் ஏறிடுச்சு. ஆணி சும்மாதானே இருக்குன்னா ஒடீல்.

ஒரு வாரம் கழிச்சு ஹாஸ்கெல் கம்பி நுனில திருகு முள்ள மாட்டி, உள்ள விட்டுத் திருகி இழுத்தாரு. குண்டு வரல. மருந்து வரல. எண்ணெய்ல ஊறின கம்பளித் துணி ஒண்ணு சுருண்டு வந்துச்சு. கையால பின்னின சாம்பல் கம்பளி. நுனில மட்டும் சிவப்பு.

ஏழு வருஷமாப் புத்தகத்தத் தின்னவனுக்கு முதல் தடவ ஒரு நிஜம் கைல கெடைச்சிருக்கு. எவனோ ஒரு சிப்பாய், மழை ஈரம் எறங்கக் கூடாதுன்னு, வீட்டுக்காரி பின்னி அனுப்பின சாக்ஸ அறுத்துக் குழாய்ல திணிச்சிருக்கான்.

"மழைக்குன்னா வாயிலதானே அடைப்பான்?" ஹாஸ்கெல் கேட்டாரு. "அடி வரைக்கும் எதுக்குத் தம்பி இடிச்சான்?"

"போர்க்களம் சார். பதட்டம்."

மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்தாரு. "எண்ணெயத் தாண்டி சோப்பு வாசனை வருதே."

"அந்தக் காலத்துல சோப்பு இல்லன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா," அப்படின்னாரு.

சங்கக் கூட்டத்துல முக்கா மணி நேரம் பேசினேன். அந்தச் சிவப்பு, செடியோட வேர்லேர்ந்து எடுத்த சாயம்னு நிறுவினேன். பின்னல் இந்தப் பள்ளத்தாக்குப் பின்னல்னு நிறுவினேன். குறுக்க கேள்வி கேட்ட ரெண்டு பேர உக்கார வெச்சேன். என் தீசிஸ் கைடு பேராசிரியை விட்லாக் கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. ஏழு வருஷத்துல அந்தம்மா என்னைப் பாத்துத் தலையாட்டினது அன்னிக்குத்தான். இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடறேன்னாங்க. கம்பளித் துண்டுக்குக் கண்ணாடிப் பெட்டி, மேல ஒரு விளக்கு, கீழ என் பேரு.

ஜெயிச்சவனா வீட்டுக்கு வந்தேன். துப்பாக்கியக் கதவோரம் சாத்திட்டு நாற்காலி மேல ஏறினேன்.

"எங்க ஏறற?"

"மீன எறக்கப் போறேன். துப்பாக்கி இப்பக் காலி. அது மேல ஒரு வரலாறும் இருக்கு."

"எறக்கு. அதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் பாரு."

அலமாரியத் தொறந்து மேசை மேல ஒண்ணு வெச்சா. என் சாக்ஸ். போன கிறிஸ்துமஸுக்கு மாமியார் பின்னிக் குடுத்தது. சாம்பல் கம்பளி. இடது கால் சாக்ஸோட நுனி சிவப்பு. வலது காலுக்கு நுனியே இல்ல. கத்தரிக்கோல் பட்ட இடம் நேரா இருந்துச்சு.

நான் நாற்காலிலேர்ந்து எறங்கல. எறங்கத் தோணல.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் படிச்சுக் காட்டின. மூணாம் அத்தியாயம். டிங்குன்னா காலி, தொப்புனா கூரைக்கு வெளிய."

"நீ தூங்கிட்டு இருந்தியே?"

"கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன். தொறந்துகிட்டுக் கேட்டா தாங்கல."

எனக்குக் கோவம் தலைக்கேறிச்சு. இது மோசடி, சரித்திரத்துக்குப் பண்ணின துரோகம், நாளைக்கே கூட்டத்தக் கூட்டி உண்மையச் சொல்றேன்னு கத்தினேன். அவ போன எடுத்து என் கைல குடுத்தா.

"சொல்லு. முதல்ல பேராசிரியம்மாவுக்கா, ஹாஸ்கெலுக்கா?"

போன் கனமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்தேன்.

"மீன் கொஞ்சம் சாஞ்சிருக்கு," அப்படின்னா. "மேலதானே நிக்கற. நேராக்கிட்டு எறங்கு."

நேராக்கினேன்.

இப்ப டிசம்பர். துப்பாக்கி தொடப்பக் கட்டையோட நிக்குது. வாசல்ல முழங்கால் அளவு பனி, கைல மண்வாரி. எதிர்ல ஹாஸ்கெல் என் மெஷின ஓட்டிக்கிட்டுக் கை ஆட்றாரு. கால் குளிருதான்னு விசாரிக்கறாரு. ஒரு கால் குளிரல. இன்னொரு காலோட கட்டை விரல் விறைச்சுக் கிடக்கு. அதோட உறை மட்டும் சங்கத்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள, விளக்கு வெளிச்சத்துல கதகதன்னு இருக்கு.