வெள்ளைக் கட்டத்தில் பெய்த மழை

என் தாய்மாமன் செங்கோடன் நடத்திய சேகோ ஆலை ஏன் நின்று போனது என்று மல்லசமுத்திரம் பக்கம் யாரைக் கேட்டாலும் "ஐப்பசி மழைங்க" என்பார்கள். பாவம், மழை. அது வழக்கமாக வரும் மாதத்தில், வழக்கமாக வரும் நேரத்துக்கு, வழக்கம்போல வந்துவிட்டுப் போனது. ஆலையை நிறுத்தியது நான். கையில் கம்பு கத்தி எதுவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இருந்தது.

அப்போது மெட்ராஸில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தபந்தத்தில் இன்ஜினியரிங் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆள். (காலை உள்ளே வைத்தேன், தலை வானத்தில் இருந்தது.) கல்லூரிக் கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஊரே வெயிலில் வேகும்போது உள்ளே மட்டும் மார்கழி மாதம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு எரிந்தபடி என் உத்தரவுக்குக் காத்திருக்கும். 'ரீட்' என்று அடித்தால் படிக்கும். 'சம்' என்றால் கூட்டும். 'பிளாட்' என்றால் பக்கத்து அறையில் இருக்கும் பிரிண்டர் கடகடவென்று கத்திக்கொண்டு படம் அடித்துத் தள்ளும். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூட "ஏன், உனக்குக் கையில்லையா?" என்று பதில் வாங்குகிறவனுக்கு இப்படி ஒரு சேவகன் கிடைத்தால் புத்தி நேராக நிற்குமா?

என் புராஜெக்டுக்காகப் பேராசிரியர் ஒரு கம்ப்யூட்டர் டேப் கொடுத்தார். மெட்ராஸ் கடற்கரையோரம் நிற்கிற மழை ரேடார் மூன்று வருஷ மழைக்காலத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்ததெல்லாம் அதில் இருந்தது. பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டிருந்தார்கள். மழை இல்லையென்றால் பூஜ்யம். தூறல் என்றால் ஒன்று. கொட்டித் தீர்த்தால் ஐந்து. என் புரோகிராம் அந்த எண்களைப் படமாக்க வேண்டும். தூறலுக்குப் புள்ளி, மழைக்குக் கூட்டல் குறி, கனமழைக்கு நட்சத்திரம். பூஜ்யத்துக்கு ஒன்றும் அடிக்காமல் வெள்ளையாக விட்டுவிடுவது.

முதல் படம் வந்தபோது கிழக்கே எல்லாம் அழகாக இருந்தது. மேற்குப் பாதியில்தான் –99, –99 என்று எறும்புப் படை மாதிரி ஒரே எண் ஊர்ந்துகொண்டிருந்தது. டேப்போடு பேராசிரியர் நாலு பக்கக் குறிப்பும் கொடுத்திருந்தார். அதை நான் படிக்கவில்லை. (படித்தவன் எதற்குப் படிக்க வேண்டும்?) பூஜ்யத்துக்குக் கீழே மழை ஏது, டேப்பில் ஏதோ குப்பை விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டி, 'பூஜ்யத்துக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யமாக்கு' என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். மறுபடி 'பிளாட்' அடித்தேன். எறும்பெல்லாம் ஓடிவிட்டது. படம் கழுவிவிட்ட மாதிரி வந்தது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல் இருந்தது.

அட்லஸும் ஸ்கேலும் வைத்து எங்கள் ஊர்ச் சதுரத்தைக் கண்டுபிடித்தேன். ஐப்பசி முதல் பத்து நாளை மூன்று வருஷத்துக்கும் கூட்டச் சொன்னேன். வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லை.

முந்தைய ஐப்பசியில் அதே ஊரில் தொப்பலாக நனைந்து, சளி பிடித்து, ஒரு வாரம் படுத்துக் கிடந்தவன் நான். அது ஞாபகத்துக்கே வரவில்லை. வந்திருந்தாலும் சளியை நம்பியிருக்க மாட்டேன். பேப்பரைத்தான் நம்பியிருப்பேன்.

லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் சேலம் வரை நின்றுகொண்டே வந்தேன், மடங்கிவிடக் கூடாதே என்று.

செங்கோட மாமா அந்த வருஷம்தான் ஒரு ஆலையைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். குச்சிக் கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் தங்கிய ஜவ்வரிசி மாவைச் சிமெண்ட் களத்தில் காயப்போட்டு எடுக்கிற தொழில். எல்லாம் சூரியன் கையில். வடக்கேயிருந்து வந்த வியாபாரி ஒருவர், ஒரு லோடு மாவு எட்டு நாளில் வெள்ளை வெளேரென்று வந்தால் இனிமேல் வருஷம் முழுக்க மாமாவிடமே எடுப்பதாகச் சொல்லிவிட்டுச் சேலத்தில் தங்கியிருந்தார். ஐப்பசியில் எங்கள் பக்கத்துக் களத்துக்காரர்கள் அத்தனை பேரும் பாதிக் களத்தில்தான் மாவைக் கொட்டுவார்கள். மேகம் கூடினால் தார்ப்பாய் போட்டு மூடுகிற அளவுக்கு மட்டும். அப்படிக் கொட்டினால் எட்டு நாளில் ஒரு லோடு தேறாது. முழுக் களத்திலும் கொட்டினால் தேறும். மாமா ரெண்டு நாளாக வானத்தையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்க் களத்தில் பேப்பரை விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தேன்.

"பத்து நாளைக்கு மழையே இல்லீங்க மாமா. முழுக் களத்துலயும் கொட்டுங்க."

மாமா குந்த உட்கார்ந்து பார்த்தார். "போன வருசம் பேஞ்சுதே மாப்ள?"

"அது உங்க ஞாபகத்துல பேஞ்சதுங்க மாமா. மிஷின்ல பதிவாகலை."

(இந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.)

மாமா தாடையைச் சொறிந்தார். "ஒருவேளை கார்த்தி மாசமோ என்னமோ" என்று முணுமுணுத்தார். தன் தலையில் பெய்த மழையை என் ஒருவனுக்காக வேறு மாதத்துக்குத் தள்ளிப்போட்டார் அந்த மனுஷன்.

களத்தில் மாவு தள்ளிக்கொண்டிருந்த பாவாயி பலகையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அந்தக் களத்தில் பல வருஷமாக வேலை பார்ப்பவள். யார் கேட்டாலும், மழை வருமா என்பதற்கு "யாரு கண்டா?" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏஞ்சாமி, இதுல நம்மூரு எங்கீங்க இருக்குது?"

காட்டினேன்.

"அங்க ஒண்ணுமே காணமுங்களே?"

"ஒண்ணும் இல்லைங்கறதுதான் விஷயமே."

"ஒண்ணுமில்லாத பேப்பரு என்ற ஊட்லயும் கெடக்குதுங்க சாமி. அதுக்கு மெட்ராஸ் போகோணுமா?"

களமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "பாவாயி, இது கம்ப்யூட்டர். உன்னை மாதிரி 'யாரு கண்டா'ன்னு சொல்லாது" என்றேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"கொட்டுங்கடா முழுக் களத்துக்கும்."

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அன்றைக்குப் பொழுது சாயும்போது பக்கத்துக் களத்துக்காரர் வந்து நின்றார். "செங்கோடா, என்ற தார்ப்பாயெல்லாம் எலி கடிச்சுக் கெடக்குது. ரெண்டு இருந்தாக் குடு." மாமாவிடம் இருந்ததே ரெண்டுதான். அவர் தயங்கினார். நான் தயங்கவில்லை.

"குடுத்து உடுங்க மாமா. நமக்கெதுக்கு?"

நானே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரெண்டு நாள் வெயில் சுட்டெரித்தது. களம் பார்க்கக் கண் கூசியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலுக்கே நான்தான் கான்ட்ராக்ட் எடுத்த மாதிரி உலாத்தினேன். வழியில் போகிறவர்களிடம் மாமா, "எங்க அக்கா பையன். மழையையே பேப்பர்ல புடிச்சுட்டு வந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்றரை மணிக்குப் பாவாயி பலகையை நிறுத்தினாள்.

"சாமி, சங்ககிரிப் பக்கம் கருக்குதுங்க."

"அது சும்மா மேகம்."

"சும்மா மேகம் இப்பிடியா உறுமும்?"

"பேப்பர்ல இல்லை பாவாயி."

முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. ரெண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியாது. அதற்கப்புறம் எண்ணுகிற மாதிரி இல்லை. என் கணக்கில் சொன்னால் நேராக ஐந்து. எத்தனை பேர்! மாமா, பாவாயி, கிழங்கு தோலுரிக்கும் பெண்கள், லாரியிலிருந்து குதித்த கிளீனர், எல்லோரும் மாவைக் குவிக்க ஓடினார்கள். குவித்த குவியலின் மேல் போட ஒன்றும் இல்லை. சாக்கு போட்டார்கள். முறம் போட்டார்கள். ஒருத்தி தன் முக்காட்டை உருவிப் போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அறைக்குள் ஓடி அந்தப் பேப்பரை எடுத்துவந்தேன். பிரிண்டரிலிருந்து துண்டாகாமல் நீண்டுகொண்டே வருகிற பேப்பர் அல்லவா? அதைப் பிரித்து ஒரு குவியல் மேல் போர்த்தினேன். மூன்று வருஷத்து வானிலை முழுசாக ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கூழாகிக் கையோடு வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் தார்ப்பாய் ரெண்டும் மூலைக்கு மூலை கல் வைத்து இறுகக் கிடந்தன. அடியில் பக்கத்துக் களத்து மாவு தொட்டில் குழந்தை மாதிரி தூங்கியது. இந்தப் பக்கம் மாமாவின் மாவு பாலாகி, களத்தைத் தாண்டி, ரோட்டோரச் சாக்கடையில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

மழை விட்டபோது மாமா களத்து நடுவில் நின்றார். ஒரு அறையாவது விடுவார் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நனஞ்சுட்டியா சாமி? உள்ள போயித் தலையத் தொவட்டு" என்றார்.

மிச்ச மாவு புளித்துப் பழுப்பேறியது. வியாபாரி வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், மோந்தார், கீழே போட்டார். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் களத்துக்கு நடந்தார்.

மெட்ராஸ் திரும்பிய அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நான் சேர்த்த அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு 'பிளாட்' அடித்தேன். எறும்புப் படை திரும்பி வந்தது. எங்கள் ஊர்ச் சதுரத்தில், மூன்று வருஷமும், பத்து நாளும், –99. அப்புறம்தான் அந்த நாலு பக்கக் குறிப்பைப் படித்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. –99 என்றால் ரேடார் பார்வைக்கு எட்டவில்லை என்று அர்த்தம். ரேடாரின் கதிர் நேராகப் போகிறது, பூமி உருண்டையாக வளைகிறது. சேலம் வருவதற்குள் கதிர் மேகத்துக்கும் மேலே ஏறிப் போய்விடும். அடியில் என்ன பெய்தாலும் அதற்குத் தெரியாது. அந்த மெஷின் மூன்று வருஷமாக "யாரு கண்டா, யாரு கண்டா" என்று பாவாயி மாதிரியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் வாயில் துணியை அடைத்து 'மழை இல்லை' என்று அச்சடித்தது நான். (புராஜெக்டில் எனக்கு நல்ல மார்க் வந்தது. கிழக்குப் பாதியை மட்டும் கொடுத்திருந்தேன்.)

தை மாதம் மாமா குத்தகையை விட்டார். இப்போது சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் லோடு புக்கிங் எழுதுகிறார். டிரைவர்கள் யாராவது தார்ப்பாய் கட்டட்டுமா என்று கேட்டால், "எங்க மாப்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். மழை இல்லைன்னு சொன்னான்னா ரெண்டாக் கட்டிரு" என்பாராம். அது சங்ககிரியிலிருந்து வெண்ணந்தூர் வரை பரவிவிட்டது. நான் ஊருக்குப் போனால் டீக்கடையில் முகம் தெரியாதவர்கூட "ஏனுங்க, இன்னைக்கு வெள்ளைங்களா, நட்சத்திரமுங்களா?" என்கிறார். நானும் சிரித்துவைக்கிறேன்.

போன மாசியில் எனக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர்த் தட்டுகள் வரிசையாக வந்தன. தேங்காய், பழம், வேட்டி, பூ. கடைசித் தட்டை மாமாவே தூக்கிவந்தார். நாலாக மடித்து, மேலே குங்குமம் வைத்த பழைய தார்ப்பாய். பக்கத்துக் களத்துக்காரர் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்ட அதே தார்ப்பாய்களில் ஒன்று. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவிக்கு அங்கேயே கதை சொல்லப்பட்டது. பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அம்மா மட்டும் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மாமா உரக்கக் கேட்டார். "மாப்ள, இன்னைக்கு மழை வருமா?"

"தெரியலீங்க மாமா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். குரலை மட்டும் தணித்துக்கொண்டார்.

"இதைய அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல சாமி."

எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையை இப்போதும் சொல்கிறார்கள். தார்ப்பாய் தட்டில் வந்து, நான் 'தெரியலீங்க' என்ற இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருவது மாமாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.